புதுச்சேரித் துட்டில் லில்லிப் பூவும் சேவலும்: பிரெஞ்சு ராஜ குடும்பத்தின் பங்காளிச் சண்டை

#1 பழைய_நாணயம்

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாளாகப் படித்துவிட்டு மட்டும் போகிற ஆள் நான், முதல் தடவையாக இழை தொடங்குகிறேன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இரண்டு புதுச்சேரித் துட்டு இருக்கிறது. செம்பு, சின்னது, ஓரமெல்லாம் கோணல்மாணல். முதல் காசில் ஒரு பக்கம் லில்லிப் பூ, பிரெஞ்சு ராஜா முத்திரைகளில் வருமே அந்த மூன்று இதழ்ப் பூ. திருப்பினால் தமிழ் எழுத்தில் "புதுச்சேரி". தேய்ந்துபோய்விட்டது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்து தெரியும். இரண்டாவது காசிலும் பின்பக்கம் அதே "புதுச்சேரி", ஆனால் முன்பக்கம் பூ இல்லை, ஒரு சேவல் நிற்கிறது, 1836 என்று வருஷம் போட்டிருக்கிறது.

பூ எப்படிச் சேவலானது? அதைவிடப் பெரிய குழப்பம்: 1793இல் ராஜா, ராணி எல்லோருக்கும் கில்லட்டின் போட்டு வம்சத்தையே முடித்துவிட்டார்கள் என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம், அப்புறம் 1836இல் எந்த ராஜா? போதாததற்கு நேற்று ஒரு வீடியோ பார்த்தேன், பாரிஸ் பக்கம் ஒரு தேவாலயத்தில் முன்வரிசையில் கோட் போட்ட ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அவரை "இருபதாம் லூயி" என்கிறார்கள். யார் இவர்?

#2 பத்திர_எழுத்தர்

நல்ல கேள்வி தம்பி. ராத்திரி தூக்கம் போச்சு.

வம்சம் முடியவில்லை. தலை போனது பதினாறாம் லூயிக்கும் (1793 ஜனவரி 21) அவர் மனைவி மரி அன்துவானெத்துக்கும் (அதே வருஷம் அக்டோபர் 16). லூயியின் தம்பிகள் இரண்டு பேர் முன்பே நாட்டைவிட்டு ஓடிப் பிழைத்துக்கொண்டார்கள். நெப்போலியன் விழுந்த பிறகு பெரிய தம்பி திரும்பி வந்து பதினெட்டாம் லூயி ஆனார், 1824இல் அவர் செத்த பிறகு சின்னவர் பத்தாம் சார்லஸ் ஆனார். 1830 ஜூலையில் மறுபடி புரட்சி. சார்லஸ் நாட்டைவிட்டுப் போக, அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தவர்தான் லூயி பிலிப், உங்கள் சேவல் காசு அவர் காலத்தது.

இந்த லூயி பிலிப் யார் என்றால் பங்காளி. ஓர்லேயான் கிளை. பதினான்காம் லூயிக்கு பிலிப் என்று ஒரு தம்பி இருந்தார், அவர் வழி. நம்ம ஊர்க் கணக்கில் பெரிய வீடு, சின்ன வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள் (நீங்கள் நினைக்கிற சின்ன வீடு இல்லை). இதில் ஒரு வயிற்றெரிச்சல் இருக்கிறது. லூயி பிலிப்பின் அப்பா புரட்சி நேரத்தில் தன் பட்டத்தையெல்லாம் உதறிவிட்டு "சமத்துவ பிலிப்" என்று பெயர் மாற்றிக்கொண்டு சட்டமன்றத்தில் உட்கார்ந்து, சொந்தப் பங்காளியான ராஜாவைக் கொல்லலாம் என்று ஓட்டும் போட்டவர். பத்து மாசம்கூட ஆகவில்லை, நவம்பரில் அவர் தலையும் அதே இயந்திரத்தில் போனது. பெரிய வீட்டு விசுவாசிகள் அதை இன்னும் மறக்கவில்லை.

இப்போது காசுக்கு வருகிறேன். 1831 பிப்ரவரியில் பாரிஸில் ராஜ விசுவாசிகள் நடத்திய ஒரு பூசையால் பெரிய கலவரம், தேவாலயத்தையே சூறையாடினார்கள். லில்லிப் பூ என்றாலே பழைய பூர்போன் (அந்த ராஜ குடும்பத்தின் பெயர்) ஆட்சி என்று ஜனங்களுக்குக் கோபம். லூயி பிலிப் பயந்தாரோ, புத்திசாலித்தனமோ, அரசு முத்திரையிலிருந்து பூவையே எடுத்துவிட்டார். சேவல் அந்த ஆட்சியின் சின்னம். பாரிஸில் நடந்த சண்டை ஐந்து வருஷம் கழித்து நம் கடற்கரைத் துட்டில் வந்து விழுந்திருக்கிறது, பாருங்கள்.

#3 குறுக்குக்கேள்வி

பதினாறு, பதினெட்டு. பதினேழு எங்கே சார்? எண்ணத் தெரியாதா அவர்களுக்கு?

#4 லாச்சப்பல்_பொடியன்

பதினேழு ஒரு கண்ணாடிச் சாடிக்குள் இருக்குது அண்ணை. நான் பார்த்தனான்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. பாரிஸில் எங்கட லாச்சப்பல் கடைத்தெரு இருக்கிற வீதி, மரக்கறி, மீன், நகைக்கடை எல்லாம் இருக்கிறதே, அந்த வீதியின் பெயரே போபூர் சேன் தெனி. அதே தடத்தில் வடக்கே நகர எல்லையைத் தாண்டிப் போனால் சேன் தெனி பசிலிக்கா. பழைய காலத்தில் செத்த ராஜாக்களை அடக்கம் செய்யக் கொண்டுபோன பாதை இது. நான் ஆறு வருசமாக அதில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு திரிகிறேன், அது தெரிந்தது போன வருசம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பதின்மூன்றாம் இலக்க மெட்ரோ பிடித்துப் போனேன்.

உள்ளே மேலே எல்லாம் பளிங்கில் படுத்திருக்கிற ராஜா ராணிகள். காலடியில் நாய், சிங்கம். வடிவாகத்தான் இருக்கும், ஆனால் அந்தக் கல்லறைகளுக்குள் ஆள் இல்லை. 1793இல் புரட்சிக்காரர் எல்லாவற்றையும் கிண்டி, எலும்பையெல்லாம் வெளியே குழியில் கொட்டி, மேலே சுண்ணாம்பு போட்டுவிட்டார்கள். பதினெட்டாம் லூயி 1817இல் திரும்பத் தோண்டி எடுக்கும்போது யாருடைய எலும்பு எது என்று பிரிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாக நிலவறையில் வைத்து மூடி, சுவரில் பெயர்ப்பட்டியல் மட்டும் எழுதிவிட்டார்கள். அந்தப் பட்டியலுக்கு முன்னால் நின்றபோது மனம் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

அந்த நிலவறைப் பக்கம்தான் சாடி. உள்ளே சின்னதாக, காய்ந்து, கல் மாதிரி ஒன்று. பத்து வயதுப் பிள்ளையின் இருதயம். பதினாறாம் லூயியின் மகன். தகப்பனைக் கொன்ற பிறகு அவன்தான் பதினேழாம் லூயி என்று விசுவாசிகள் எண்ணிக்கொண்டார்கள், ஒரு நாள்கூட ஆளவில்லை. தம்பிள் சிறையில் தனியே அடைபட்டுக் கிடந்து 1795 ஜூன் 8ஆம் தேதி செத்துப்போனான். அடுத்த நாள் உடலை அறுத்துப் பார்த்த பெல்தான் என்ற டொக்டர் ஒருவருக்கும் தெரியாமல் இருதயத்தைக் கைலேஞ்சியில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

#5 பழைய_நாணயம்

கைக்குட்டையிலா!! அப்புறம்?

#6 லாச்சப்பல்_பொடியன்

அப்புறம் அது பட்ட பாடு. மதுசாரத்தில் போட்டு வீட்டில் வைத்திருந்தார், மதுசாரம் வற்றி அது காய்ந்துபோனது. அவரிடம் படித்த பெடியன் ஒருவன் திருடிக்கொண்டு போனான், அவன் சாகக் கிடந்தபோது மனம் கேட்காமல், மனைவி கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தாள். பிறகு பாரிஸ் ஆயரின் மாளிகைக்குப் போனது. 1830 புரட்சியில் சனம் அந்த மாளிகையைச் சூறையாட, சாடி நொறுங்கியது, டொக்டரின் மகன் போய்க் கண்ணாடித் துண்டுகளுக்கும் மண்ணுக்கும் இடையில் தேடி எடுத்தார். பிறகு பூர்போன் சொந்தக்காரரிடம் ஒஸ்திரியாவுக்கு. 1975இல்தான் சேன் தெனிக்கு வந்தது. 2000இல் டிஎன்ஏ பார்த்து, 2004 ஜூன் 8, பிள்ளை செத்த அதே தேதியில், முறையாக அடக்கம் செய்தார்கள்.

#7 குறுக்குக்கேள்வி

டிஎன்ஏ என்றதும் எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும் போல. எனக்குத் தெரிந்தவரை அந்தச் சோதனை தாய்வழி டிஎன்ஏ. மரி அன்துவானெத் குடும்பத்துத் தலைமுடியோடும், அப்போது உயிரோடிருந்த தாய்வழி உறவுகளோடும் ஒத்துப்போனது. சரி. அதனால் அது அந்த ராணியின் தாய்வழி ரத்தம் என்று தெரிகிறது, அவ்வளவுதானே? அந்த அம்மாவுக்கு 1789இல் செத்துப்போன மூத்த மகன் ஒருவனும் உண்டே, அவன் இருதயமாக இருந்தால்?

#8 மொட்டைமாடி_வாசகி

குறுக்குக்கேள்வி சார் பெயருக்கேற்ற மாதிரி கேட்கிறார், ஆனால் கேள்வி நியாயமானதுதான், பிரான்சிலும் இதையேதான் கேட்டார்கள். பதிலும் இருக்கிறது: மூத்தவன் ராஜா வீட்டுப் பிள்ளையாக, மரியாதையோடு செத்தவன். அவன் இருதயத்தை முறைப்படி பிளந்து, வாசனைப் பொருள் அடைத்துப் பதப்படுத்தினார்கள். சாடியில் இருக்கும் இருதயத்தில் அந்த வேலை எதுவும் நடந்திருக்கவில்லை. சிறையில் அநாதையாகச் செத்ததால்தான் அது யாருடையது என்று இன்று அடையாளம் சொல்ல முடிகிறது.

அந்தப் பையன் பெயரைச் சொல்லிக்கொண்டு பிற்பாடு கிளம்பிய போலிகள் கணக்கில்லை. அதில் பெரிய கை நௌன்டோர்ஃப் என்ற ஜெர்மன் கடிகாரக்காரர். 1845இல் ஹாலந்தில் டெல்ஃப்ட் ஊரில் செத்தபோது கல்லறையிலேயே பதினேழாம் லூயி என்று பொறித்துவிட்டார்கள். 1998இல் அவருடையது என்று சொல்லப்பட்ட எலும்பைச் சோதித்தார்கள், அன்துவானெத் குடும்பத்தோடு ஒட்டவில்லை.

இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியாது. இத்தாலியில் ஒரு குடும்பத்திடம் பழைய சுரைக்குடுக்கை ஒன்று இருந்தது. நிஜமான சுரைக்குடுக்கை, வெடிமருந்து வைக்கிறது, மேலெல்லாம் சித்திர வேலை. பதினாறாம் லூயியின் தலை விழுந்த அன்று ஒருவர் அந்த ரத்தத்தில் கைக்குட்டையை நனைத்து இதற்குள் வைத்தார் என்று அதன் மேலேயே எழுதியிருந்தது. கைக்குட்டை மக்கிப்போய்க் கறை மட்டும் மிச்சம். அப்புறம் பூர்போன் வம்சத்தின் முதல் ராஜாவான நான்காம் ஹென்றியின் தலை என்று ஒரு பதப்பட்ட தலையும் கிளம்பியது. குடுக்கையும் தலையும் தந்தைவழியில் ஒத்துப்போகின்றன என்று 2012இல் ஒரு குழு அறிவித்தது, பத்திரிகையெல்லாம் ஒரே கொண்டாட்டம். அடுத்த வருஷமே வேறு குழு, அப்போது உயிரோடிருந்த பூர்போன் ஆண்கள் மூன்று பேரின் டிஎன்ஏவை எடுத்துப் பார்த்தது. மூன்று பேரும் தங்களுக்குள் ஒத்துப்போனார்கள். குடுக்கையும் ஒட்டவில்லை, தலையும் ஒட்டவில்லை.

#9 குறுக்குக்கேள்வி

அம்மா, ஒப்புக்கொள்கிறேன். சுரைக்குடுக்கை பிரமாதம்.

#10 பழைய_நாணயம்

எல்லாம் சரி, வீடியோவில் இருந்தவர் யார் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

#11 பத்திர_எழுத்தர்

வருகிறேன். அவர் பெயர் லூயி அல்போன்ஸ், ஆன்ஜூ டியூக் என்பார்கள், 1974இல் மாட்ரிட்டில் பிறந்தவர். ஸ்பெயின்காரர். அம்மா வழியில் சர்வாதிகாரி பிராங்கோவுக்குக் கொள்ளுப்பேரன். ஜனவரி 21 வந்தால் பதினாறாம் லூயிக்குத் திவசம் மாதிரி பூசை நடக்கும், அதில் பார்த்திருப்பீர்கள்.

ஸ்பெயின்காரர் எப்படி பிரெஞ்சு ராஜா ஆவார்? பிரெஞ்சு வாரிசு முறை சுத்தமாக ஆண்வழி, அதிலும் மூத்தவன் வழி. பதினைந்தாம் லூயியின் ஆண்வாரிசு 1883இல் அறுந்தது. அதற்கு மேலே போனால் பதினான்காம் லூயி. அவருடைய பேரன் ஒருவர் 1700இல் ஸ்பெயினுக்கு ராஜாவாகப் போனார், ஐந்தாம் பிலிப். பதினான்காம் லூயியின் ஆண்வழி இன்று மிஞ்சியிருப்பது அந்தப் பேரன் மூலமாக மட்டும்தான். லூயி அல்போன்ஸ் அதில் மூத்த கிளை. இன்றைய ஸ்பெயின் ராஜா இளைய கிளை. லக்சம்பர்க் டியூக் குடும்பமும் ஆண்வழியில் இதே பூர்போன் ரத்தம்தான்.

ஆனால் அந்த ஐந்தாம் பிலிப் 1712இல் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் பதிவாளர் ஆபீஸ் வாசலில் முப்பது வருஷம் உட்கார்ந்தவன், அது என்ன பத்திரம் என்று எனக்கு உடனே புரிந்தது: விடுதலைப் பத்திரம். "எனக்கோ என் சந்ததிக்கோ பிரெஞ்சு கிரீடத்தில் இனி எந்தப் பாத்தியதையும் இல்லை."

ஏன் போட்டார்? பதினான்காம் லூயி வீட்டில் ஒரு வருஷத்துக்குள் விழுந்த சாவுகள். 1711 ஏப்ரலில் மகன் பெரியம்மையில் போனார். 1712 பிப்ரவரியில் மூத்த பேரனும் அவர் மனைவியும் ஆறே நாள் இடைவெளியில். மார்ச்சில் மூத்த கொள்ளுப்பேரன். மிச்சம் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று. அதுவும் பிழைத்தது, செவிலித்தாய் அதைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய் "ரத்தம் எடுக்கக் குழந்தையைக் கொடுக்க மாட்டேன்" என்று வைத்தியர்களை உள்ளே விடாததால். அந்தக் குழந்தைதான் பதினைந்தாம் லூயி, அப்புறம் கிட்டத்தட்ட ஐம்பத்தொன்பது வருஷம் ஆண்டது. ஆனால் 1712இல் பார்த்தவனுக்கு என்ன தெரிந்திருக்கும்? அந்தக் குழந்தைக்கு ஒன்று ஆனால் ஸ்பெயின் ராஜாவே பிரான்சுக்கும் ராஜா. இங்கிலாந்து விடுமா? கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் 1713இல் உட்ரெக்ட் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள்.

#12 குறுக்குக்கேள்வி

அப்போ முடிந்தது விஷயம். விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தவன் பேரன் வந்து பங்கு கேட்க முடியாது. அடுத்த பங்காளி யாரோ அவருக்குத்தான் உரிமை, அதாவது ஓர்லேயான் வீடு. இன்றைக்கு அங்கே ழான், பாரிஸ் கோமகன், 1965இல் பிறந்தவர், பிரெஞ்சுக்காரர். இதில் என்ன விவாதம்?

#13 பத்திர_எழுத்தர்

அவசரப்படாதீர்கள் சார். பத்திரம் எழுத, சொத்து அவர் பெயரில் இருக்க வேண்டும். பழைய பிரெஞ்சு வழக்கப்படி கிரீடம் ராஜாவின் சொத்தே இல்லை. அவர் பரம்பரை தர்மகர்த்தா மாதிரி. தர்மகர்த்தா கோயில் நிலத்தை விற்க முடியுமா? "எனக்கு அப்புறம் என் மகனுக்கு வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரனுக்குப் போகட்டும்" என்று எழுத முடியுமா? எழுதினாலும் செல்லாது.

இதற்கு முன்தீர்ப்பும் உண்டு. 1420இல் ஆறாம் சார்லஸ், புத்தி பேதலித்த ராஜா, சொந்த மகனைத் தள்ளிவைத்துவிட்டு இங்கிலாந்து ராஜாவுக்கு வாரிசு எழுதிக் கொடுத்தார். செல்லுபடியானதா? ஜோன் ஆஃப் ஆர்க் 1429இல் அந்த மகனை ரீம்ஸுக்குக் கூட்டிப்போய் முடிசூட்ட வைத்தாள். 1420 பத்திரம் செல்லாது என்றால் 1712 பத்திரம் மட்டும் எப்படிச் செல்லும்? பெரிய வீட்டுக்காரர்கள் கேட்பது இதுதான். தூரத்து உறவு என்பதும் அவர்களுக்குத் தடையில்லை. நான்காம் ஹென்றி 1589இல் ராஜாவானபோது முந்தைய ராஜாவுக்கும் அவருக்கும் ஆண்வழியில் பொதுவான தாத்தா 1270இல் செத்துப்போன புனித லூயி. முந்நூறு வருஷத்துக்கு மேல்! இருந்தாலும் சிம்மாசனம் அவருக்குத்தான் போனது.

#14 மொட்டைமாடி_வாசகி

"சுத்தமாக ஆண்வழி" என்று வேதவாக்கு மாதிரி சொல்லிவிட்டுப் போகிறீர்களே ஐயா, அந்த விதி எப்படி வந்தது என்று சொல்லவேண்டாமா?

987இல் ஹ்யூக் கபேயிலிருந்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஒவ்வொரு ராஜாவுக்கும் ஒரு மகன் இருந்துகொண்டே வந்ததால் இந்தக் கேள்வியே எழவில்லை. 1316இல் பத்தாம் லூயி செத்தார். மனைவி கர்ப்பம். பிறந்தது ஆண்குழந்தை, முதலாம் ஜான், ஐந்தே நாள் உயிரோடிருந்தான். மிச்சம் முதல் மனைவியின் மகள், நான்கு வயதுச் சிறுமி ஜோன். குழந்தையின் சித்தப்பா வேகமாகப் போய் முடிசூட்டிக்கொண்டு, அப்புறம் ஒரு சபையைக் கூட்டிப் "பெண்ணுக்கு சிம்மாசனம் கிடையாது" என்று சொல்ல வைத்தார். முதலில் நாற்காலி, அப்புறம் விதி. "சாலிக் சட்டம்" என்று பழைய பிராங்க் இனத்து நிலச் சட்டம் ஒன்றைத் தேடி எடுத்து அதற்கு ஆதாரமாகக் காட்டியதெல்லாம் பல பத்து வருஷம் கழித்து. வேடிக்கை என்னவென்றால் அந்தச் சித்தப்பாவுக்கும் மகள்கள்தான் மிஞ்சினார்கள், அவர் போட்ட விதி அவர் மகள்களையே தள்ளியது. 1328இல் கிரீடம் வாலுவா பங்காளிகளிடம் போனது, தாய்வழியில் எனக்கு வரவேண்டும் என்று இங்கிலாந்து எட்வர்ட் கிளம்ப, நூறு வருஷச் சண்டை.

நம்ம ஊரிலும் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு 1989இல்தான் வந்தது, அதனால் ரொம்பச் சிரிக்கவும் முடியவில்லை.

#15 பத்திர_எழுத்தர்

ஒப்புக்கொண்டேன் அம்மா. பத்திரம் எப்போதும் ஆள் உள்ளே குடியேறிய பிறகுதான் எழுதப்படும், அது என் அனுபவமும்கூட.

#16 குறுக்குக்கேள்வி

தர்மகர்த்தா வாதம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு ஓட்டை. லூயி அல்போன்ஸின் தாத்தா ஹைமே, ஸ்பெயின் ராஜா பதின்மூன்றாம் அல்போன்சோவின் இரண்டாவது மகன். சின்ன வயதில் காது அறுவை சிகிச்சைக்குப் பிறகு கேட்கும் சக்தி போய்விட்டது. 1933இல் ஸ்பெயின் உரிமையை விட்டுத் தருவதாக எழுதிக் கொடுத்தார். அதனால்தான் ஸ்பெயின் கிரீடம் தம்பி வழிக்குப் போய், ஹுவான் கார்லோஸ், இப்போது பெலிப்பே. ஹைமே பிற்பாடு அந்தக் கையெழுத்து செல்லாது என்று சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை.

ஆக இவர்கள் வீட்டிலேயே இரண்டு விடுதலைப் பத்திரம். 1712 பத்திரம் செல்லாது என்பதால் பிரான்சில் உரிமை, 1933 பத்திரம் செல்லுபடியானதால் ஸ்பெயினில் ராஜா இல்லை. ஸ்பெயினில் ராஜாவாகியிருந்தால் பிரான்ஸ் பக்கம் திரும்பிப் பார்த்திருப்பார்களா?

#17 பத்திர_எழுத்தர்

இது நல்ல கேள்வி. எனக்குப் பதில் இல்லை. டீ குடித்துவிட்டு வருகிறேன்.

#18 மொட்டைமாடி_வாசகி

ஐயா டீ குடிக்கட்டும், அதற்குள் 1883இல் அறுந்துபோனது என்று சொன்னாரே, அந்தக் கடைசி ஆளைப் பற்றி நான் சொல்கிறேன், எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தவர் அவர்தான்.

பத்தாம் சார்லஸின் பேரன் ஹென்றி, ஷாம்போர் கோமகன். அப்பாவை 1820 பிப்ரவரியில் ஒருவன் குத்திக் கொன்றான், ஹென்றி பிறந்தது செப்டம்பரில். "அற்புதக் குழந்தை" என்று கொண்டாடினார்கள். ஒன்பது வயதில் தாத்தாவோடு நாடு கடந்து, நாற்பது வருஷத்துக்கு மேல் வெளிநாட்டு வாசம். அப்புறம் திடீரென்று கதவு திறந்தது. 1871 தேர்தலில் ஜெயித்தவர்களில் பாதிக்கு மேல் ராஜ விசுவாசிகள், நாடாளுமன்றமே "வாருங்கள்" என்கிறது. ஓர்லேயான் பங்காளியும் 1873 ஆகஸ்டில் ஆஸ்திரியாவுக்கே போய், நீங்கள்தான் மூத்தவர், உங்களுக்குக் குழந்தை இல்லை, உங்களுக்குப் பிறகு நாங்கள் என்று சமாதானம் பேசிவிட்டு வந்தார். ஊர்வலத்துக்குக் கோச்சுவண்டிகூடத் தயார்.

எங்கே முட்டியது? கொடியில். நாட்டுக்கு மூவர்ணக் கொடி, இவருக்கு வெள்ளைக்கொடிதான் வேண்டும். "ஐந்தாம் ஹென்றி நான்காம் ஹென்றியின் வெள்ளைக்கொடியைக் கைவிட முடியாது" என்று 1871இலேயே அறிக்கை விட்டவர். இரண்டு வருஷம் எல்லோரும் கெஞ்சினார்கள். 1873 அக்டோபரில் மறுபடியும் அதே பதிலைக் கடிதமாக எழுதினார். போச்சு.

விசுவாசிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? இவர் செத்த பிறகு பங்காளியைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து, அதுவரை நேரம் கடத்த மக்மகோன் என்ற ராணுவத் தளபதிக்கு ஏழு வருஷம் ஜனாதிபதி பதவி கொடுத்தார்கள். ஒருவர் சாவதற்கு ஏழு வருஷம் போதும் என்று போட்ட கணக்கு! அவர் பத்து வருஷம் இருந்தார். அதற்குள் 1875 ஜனவரியில் ஒரே ஒரு ஓட்டில், 353க்கு 352, குடியரசு சட்டத்தில் ஏறிவிட்டது. அந்த ஏழு வருஷப் பதவிக்காலம் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டு 2000இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி ஐந்தாகக் குறைக்கும்வரை ஓடியது.

எல்லோரும் அவரைப் பிடிவாதக்காரர், முட்டாள் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொடியை மாற்றிக்கொண்டு வந்திருந்தால் அவரும் இன்னொரு லூயி பிலிப், ஜனங்கள் தயவில் உட்காருகிறவர். அது அவருக்குத் தெரிந்திருந்தது.

#19 லாச்சப்பல்_பொடியன்

அந்தக் கோச்சுவண்டிகள் இன்னும் ஷாம்போர் மாளிகையில் நிற்குது அக்கா. போன கோடையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பள பள என்று இருக்கும், ஒரு நாள்கூட அந்த ஊர்வலத்துக்கு ஓடாத சில்லு. என் மகள் "இது ஏன் புதுசாக இருக்கு" என்று கேட்டாள், ஒரு வெள்ளைத் துணியால் என்று சொன்னேன், விளங்கவில்லை.

மனிதர் சேன் தெனியிலும் இல்லை. ஸ்லோவேனியாவில் நோவா கொரிட்சா என்ற ஊரில், ஒரு குன்றின் மேல் மடத்தில், தாத்தா பத்தாம் சார்லஸுக்குப் பக்கத்தில் கிடக்கிறார். நாட்டைவிட்டுப் போன ஆட்கள் செத்த இடத்திலேயே அடங்குவது எங்களுக்குப் புதிது இல்லை, ஆனால் ராஜாவுக்கும் அதுதான் என்று வாசிக்கும்போது ஒரு மாதிரி.

#20 வடை_சட்னி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், பர்பன் பிஸ்கட்டுக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் உண்டா? போபாலில் ஒரு வக்கீல் குடும்பம்தான் உண்மையான வாரிசு என்று எப்போதோ பேப்பரில் படித்த ஞாபகம், அதுவும் உண்மையா?

#21 பத்திர_எழுத்தர்

பிஸ்கட்டுக்குப் பெயர் இந்தக் குடும்பத்திலிருந்துதான். 1910 வாக்கில் இங்கிலாந்தில் செய்தது. முதலில் வேறு பெயர், அப்புறம் பர்பன். அதைவிட நமக்கு நெருக்கமான ஒன்று இருக்கிறது: தமிழர்களைக் கூலி வேலைக்குக் கப்பலேற்றிய ரீயூனியன் தீவுக்குப் பழைய பெயரே பூர்போன் தீவு. 1793இல் பெயரை எடுத்தார்கள், நெப்போலியன் காலத்தில் போனபார்ட் தீவு ஆனது, அப்புறம் மறுபடி பூர்போன், 1848இல் மறுபடி ரீயூனியன். ஒவ்வொரு பங்காளிச் சண்டைக்கும் ஒரு பெயர்ப்பலகை.

போபால் கதை 2007இல் பெரிதாக அடிபட்டது. அக்பர் காலத்தில் ஒரு பூர்போன் பிரபு தப்பி வந்து முகலாய தர்பாரில் சேர்ந்தார், அவர் சந்ததி என்பது குடும்பத்தின் வாய்மொழி. அந்தக் குடும்பம் பிற்பாடு போபால் பேகம்களிடம் பெரிய பதவியில் இருந்தது உண்மை. ஆனால் முதல் கண்ணி, பிரான்சில் இன்னாரின் மகன் இவர் என்பதற்கு மூலப் பத்திரம் இல்லை. மூலப் பத்திரம் இல்லாத நிலத்தை நான் யாருக்கும் வாங்கச் சொன்னதில்லை.

சரி, டீ குடித்தாயிற்று. தம்பி கேட்ட பூவுக்கு வருகிறேன், ஏனென்றால் அந்தப் பூவுக்காக நிஜமாகவே கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். லூயி அல்போன்ஸின் அப்பா, ஆன்ஜூ டியூக் என்ற பட்டத்தையும், நீலப் பின்னணியில் மூன்று பொன் லில்லி, வேறு எந்த அடையாளமும் கலக்காத சுத்தமான மூத்த வீட்டுச் சின்னத்தையும் பயன்படுத்தினார். ஓர்லேயான் வீட்டுச் சின்னத்தில் லில்லிக்கு மேலே ஒரு பட்டை இருக்கும், இளைய வீடு என்பதற்கு அடையாளம். பட்டை இல்லாத பூ எங்களுக்குத்தான் என்று ஓர்லேயான் ஹென்றி பாரிஸ் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 1988 டிசம்பர் 21இல் தள்ளுபடி. குடியரசின் நீதிமன்றம் யார் ராஜா என்று முடிவு செய்யாது என்றுவிட்டார்கள். தலையை வெட்டியவர்களின் வாரிசிடமே போய் நான்தான் ராஜா என்று முத்திரை கேட்டால் வேறென்ன சொல்வார்கள்?

ஜெயித்தவருக்கும் அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லை. சரியாக நாற்பது நாள் கழித்து, 1989 ஜனவரி 30இல், அமெரிக்காவில் கொலராடோ பனிச்சறுக்கு மலையில் குறுக்கே இருந்த கேபிள் கழுத்தில் பட்டுச் செத்தார். பையனுக்கு அப்போது பதினான்கு வயது.

#22 குறுக்குக்கேள்வி

ஒரு நிமிஷம். 1831இல் எந்தக் குடும்பம் அந்தப் பூவே வேண்டாம் என்று முத்திரையிலிருந்து சுரண்டிப்போட்டதோ, அதே குடும்பம்தான் 1988இல் பூ எங்களுடையது என்று கேஸ் போட்டதா?

#23 பத்திர_எழுத்தர்

அதேதான்.

#24 குறுக்குக்கேள்வி

நான் கட்சி மாறவில்லை, 1712 கையெழுத்து கையெழுத்துதான். ஆனால் இது ரொம்ப ஓவர்.

#25 பழைய_நாணயம்

எல்லோருக்கும் நன்றி, கேட்டது ஒன்று, கிடைத்தது ஒரு மூட்டை. காலையில் எழுந்ததும் இன்னொரு டப்பாவைத் திறந்து பார்த்தேன். பிரான்சு வெள்ளி ஐந்து பிராங்க் இரண்டு இருக்கிறது, ஒன்றில் பத்தாம் சார்லஸ், ஒன்றில் லூயி பிலிப். பத்து வருஷமாக வைத்திருக்கிறேன், எழுத்தை வாசித்ததில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் சார்லஸ் காசில் "பிரான்சின் அரசர்" என்றிருக்கிறது, பிலிப் காசில் "பிரெஞ்சுக்காரர்களின் அரசர்". ஒருவருக்கு நாடு, ஒருவருக்கு ஜனங்கள். சில எழுத்துக்குள் மொத்தச் சண்டையும்.

துட்டு இரண்டையும் இதுவரை ஒரே உறையில் போட்டு வைத்திருந்தேன். இப்போது தனித்தனியாக வைத்துவிட்டேன்.

#26 லாச்சப்பல்_பொடியன்

நல்ல வேலை செய்தியள். திரும்பச் சேர்த்து வைத்தால் கேஸ் போட்டுவிடுவார்கள்.